மங்கி குல்லாவுக்கு இங்கிலீஷில் என்ன?

மார்கழிக் காலை. ஒன்பது மணி தாண்டியும் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தைச் சுற்றி மூட்டம் விலகவில்லை. ஆங்கில வகுப்பைப் பார்க்கப் போன நான் மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் சுவரில் ஒரு படத்தாளை மாட்டினார். அதில் நான்கு கட்டங்கள். ஒன்றில் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன், ஒன்றில் சிவந்த இலைகளை உதிர்க்கும் மரம், ஒன்றில் பூ, ஒன்றில் கடற்கரைக் குடை. "வின்டர்ல என்ன வேர் பண்ணுவோம்?" என்று கேட்டார். 'ஸ்வெட்டர்' என்று பதில் வர வேண்டும். முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "மங்கி குல்லா மிஸ்" என்றான்.

வகுப்பே சிரித்தது. "இங்கிலீஷ்ல சொல்லுடா" என்றார் டீச்சர். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மங்கி கேப் மிஸ்" என்றான். சரி என்றும் சொல்ல முடியாமல் தப்பு என்றும் சொல்ல முடியாமல் டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பையன் மட்டும் தன் பையிலிருந்து பழுப்பு நிறக் குல்லாவை எடுத்துக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பாடம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். கிரிமியாவில் உள்ள துறைமுக ஊர் அது. 1854-இல் அங்கே பிரிட்டிஷ் படை போரிட்டது. படைத் தலைவராக இருந்த ராக்லன் பிரபுவின் பெயரில் ஒரு வகைச் சட்டைக் கை உண்டு. குதிரைப் படையை நடத்திப் போன கார்டிகன் பிரபுவின் பெயரில் முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை உண்டு. ஒரே போரிலிருந்து மூன்று உடுப்புப் பெயர்கள் கிளம்பியிருக்கின்றன. நம் ஊர் டீக்கடைப் பெரியவர் மார்கழியில் தலையில் மாட்டிக்கொள்வது கிரிமியப் போரின் ஒரு துண்டு என்று சொன்னால் அவர் நம்பமாட்டார்.

ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் தொடக்கநிலைப் புத்தகம் எதைப் புரட்டினாலும் வானிலையும் உடையும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். நிறம், எண், குடும்பம், விலங்கு முடிந்ததும் வெயில், மழை, காற்று வரும். பின்னாலேயே சட்டை, கோட்டு, தொப்பி வரும். ஏன் இப்படி என்று யாரும் கேட்பதில்லை. லண்டனில் இருப்பவருக்கு அது கேள்வியே அல்ல. அங்கே காலையில் ஜன்னல் வழியே பார்ப்பதும், எந்தக் கோட்டை எடுப்பது என்று முடிவுசெய்வதும் ஒரே செயலின் இரண்டு பாதிகள். மதுரைக்காரர் சித்திரையிலும் வேட்டி கட்டுகிறார், தையிலும் வேட்டி கட்டுகிறார். நடுவில் ஒரு குல்லா வந்து போகிறது, அவ்வளவுதான். இரண்டு பாடங்களையும் கட்டிப்போடும் 'அதனால்' என்ற சொல் நம் வகுப்பறைக்கு வரும்போது வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு சொற்பட்டியல்கள்.

இந்தப் பட்டியல்களுக்கு வயது அதிகம். சி. கே. ஆக்டன் 1930-இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற பெயரில் 850 சொற்களைத் தேர்ந்து கொடுத்தார். உலகத்தார் எல்லாரும் இவற்றை மட்டும் கற்றால் போதும் என்பது அவர் கனவு. அந்த 850-இல் கையுறைக்கும் நீள் காலுறைக்கும் ஸ்நோவுக்கும் இடமிருந்தது, மான்சூனுக்கு இல்லை. மைக்கேல் வெஸ்டின் கதை வேறு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர், வங்காளப் பிள்ளைகளுக்கு எது தேவை என்பதிலிருந்து தொடங்கியவர். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலோ, ஆங்கில எழுத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையின் மேல் நின்றது. அந்த எழுத்து குளிர் நாட்டில் எழுதப்பட்டது. எண்ணிக்கையில் தப்பு எதுவும் இல்லை, எண்ணிய இடம்தான் வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தின் மழைச் சொற்களிலும் துணிச் சொற்களிலும் நம் பக்கத்துச் சரக்கு நிறைய. மான்சூன் அரபியிலிருந்து போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. சைக்ளோன் என்ற பெயரை 1840-களில் கல்கத்தாவில் இருந்துகொண்டு உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். காலிகோ என்பது கோழிக்கோடு, டங்கரி என்பது மும்பையின் டோங்ரி. பைஜாமா, ஷால், காக்கி எல்லாம் இங்கிருந்து கப்பல் ஏறியவை. மெட்ராஸ் என்றாலே கட்டம் போட்ட ஒரு பருத்தித் துணிக்குப் பெயர். எந்தத் தொடக்கநிலைப் பாடத்திலும் இவற்றைப் பார்த்த நினைவு எனக்கில்லை.

சரி, பட்டியல் எங்கிருந்து வந்தால் என்ன, பிள்ளைகள் கற்றுக்கொண்டால் போதாதா? இங்கேதான் ஆய்வுகள் குறுக்கே வருகின்றன.

தாமஸ் டிங்கம் 1993-இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் இன்றும் பேசப்படுவது. கற்பவர்களுக்கு இதுவரை யாரும் கேட்டிராத பொய்ச் சொற்களைக் கொடுத்து, அவற்றை ஆங்கிலச் சொற்களோடு இணைத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். ஒரு தொகுதியில் ஒரே இனச் சொற்கள்: சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர். இன்னொன்றில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை: மழை, கார், தவளை. ஓரினச் சொற்களைக் கற்கக் கூடுதல் முயற்சி வேண்டியிருந்தது. ராப் வேரிங் 1997-இல் ஜப்பானியர்களை வைத்துச் செய்து பார்த்தபோதும் அதே முடிவு. துருக்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எர்டனும் டெகினும் 2008-இல் கண்டதும் அதுதான். காரணம் எளிது. சட்டையும் ஸ்வெட்டரும் ஒரே நாளில் உள்ளே போனால் எது எது என்று மனத்துக்குள் இழுபறி நடக்கும். ஹாட், கோல்ட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுநாள் கேட்டுப் பாருங்கள். கேட்ட ஆசிரியர்களுக்குத் தெரியும், பாதி வகுப்பு தலைகீழாகச் சொல்லும்.

டிங்கமே 1997-இல் இதன் மறுபக்கத்தையும் காட்டினார். ஓரினப் பெயர்களாக அல்லாமல் ஒரு காட்சியில் சேர்ந்து வரும் சொற்களைக் கொடுத்தால் கற்பது இலகுவாகிறது. தவளை, குளம், தாவு, நீந்து, பச்சை, வழுக்கல் என்கிற மாதிரி. பால் நேஷன் 2000-இல் இவற்றையெல்லாம் தொகுத்து ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை எழுதினார்: ஓரினச் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் முதல் அறிமுகத்தில் சேர்த்துத் தராதீர்கள். தனித்தனியே பழகிய பிறகு வேண்டுமானால் ஓரிடத்தில் வைத்து ஒப்பிடலாம்.

எல்லா ஆய்வும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹோஷினோ 2010-இல் ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது வகைப்படுத்திய பட்டியல்தான் நன்றாக வேலை செய்தது. இஷி 2015-இல் இன்னும் கூர்மையான ஒரு கேள்வியைப் போட்டார். குழப்புவது பொருளின் உறவா, அல்லது உருவத்தின் ஒற்றுமையா? பார்வைக்கு ஒரே வடிவில் இருப்பவைதான் அதிகம் குழப்புகின்றன என்பது அவர் கண்டது. இந்த விளக்கம் எனக்கு மனத்துக்கு ஒப்புகிறது. உடுப்புப் படத்தாளில் ஷர்ட், ஜாக்கெட், ஸ்வெட்டர், கோட் நான்கும் இரண்டு கையும் ஒரு உடம்பும் கொண்ட ஒரே உருவம்தானே. நீளமும் நிறமும்தான் வேறு. ஸ்வெட்டரை வீட்டில் பார்த்தே இராத பிள்ளைக்கு அது தடித்த சட்டை, வேறொன்றும் இல்லை.

ஆக, உடுப்புப் பட்டியலை ஒரே நாளில் ஒப்பிக்க வைப்பது ஆய்வின் கண்ணிலும் சந்தேகத்துக்குரியது, அனுபவத்தின் கண்ணிலும் அப்படியே. ஆனாலும் புத்தகங்கள் மாறவில்லை. ஒரு பக்கத்தில் பத்துப் படங்களை அழகாக அடுக்கலாம், தேர்வில் 'பொருத்துக' கேட்கலாம். இந்த வசதியை யார் விடுவார்கள்?

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழ் பேசுகிறவர் இந்தப் பாடத்துக்குள் நுழையும்போது வரும் சிக்கல்கள் தனி. என் பார்வையில் அவைதான் பாடத்தின் உயிர், புத்தகங்கள் அவற்றைத் தொடுவதே இல்லை.

தமிழில் வானிலை வினைச்சொல்லில் குடியிருக்கிறது. மழை பெய்கிறது, தூறுகிறது, கொட்டுகிறது, வலுக்கிறது, விடுகிறது. வெயில் அடிக்கிறது, காய்கிறது, தாழ்கிறது. இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது, காற்று அடிக்கிறது, வானம் மூடுகிறது, வெளுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு செயல். ஆங்கிலம் இதே வானத்தை அடைமொழியால் பிடிக்கிறது. சன், ரெயின், விண்ட், கிளவுட், ஃபாக் என்ற பெயர்களின் வாலில் ஒரு 'ஈ' ஒலியைச் சேர்த்து சன்னி, ரெய்னி, விண்டி, கிளவுடி, ஃபாகி என்று ஆக்கிக்கொள்கிறது. முன்னால் 'இட்' என்று பொருளற்ற ஓர் எழுவாயை நிறுத்துகிறது. எது பெய்கிறது என்று கேட்டால் 'அது' என்பது பதில். நம் பிள்ளை 'ரெயின் இஸ் கமிங்' என்று சொல்வது சோம்பலால் அல்ல, 'மழை வருது' என்ற ஒழுங்கான வாக்கியம் அவன் உள்ளே இருப்பதால். மழை நின்றதை 'ரெயின் லெஃப்ட்' என்பான், தமிழில் மழை விட்டுவிட்டதல்லவா. இந்த ஓர் அமைப்பைச் சரியாகக் காட்டினால் பத்து வானிலைச் சொற்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். வாலில் ஒலி சேர்ப்பதை விளையாட்டாகவே கற்றுக்கொடுக்கலாம். 'சன்னி டே' என்றதும், ஜுரம் முற்றினால் வருமே அந்த ஜன்னியா என்று கேட்ட பாட்டி ஒருவரையும் எனக்குத் தெரியும். கத்திரி வெயிலில் அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது பனி. தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, காலையில் சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் மூடிக் கிடப்பதும் பனி, டொரண்டோவில் கொட்டுவதும் பனி. ஆங்கிலத்தில் இவை ட்யூ, மிஸ்ட், ஃபாக், ஃப்ராஸ்ட், ஸ்நோ என்று பிரிகின்றன. பனிமூட்டம், உறைபனி, பனிப்பொழிவு என்று நாமும் எழுத்தில் பிரிக்கிறோம். வாயில் வருவது என்னவோ பனி ஒன்றுதான். அதனால் மார்கழிக் காலையைப் பார்த்து 'இட் இஸ் ஸ்நோயிங்' என்று எழுதும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. தொல்காப்பியம் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று இரண்டு பருவங்களையே இந்தச் சொல்லின் மேல்தான் நிறுத்தியது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறும் தெரிந்த மொழிக்கு, இலையுதிர் காலமும் வசந்தமும் கொண்ட நான்கு கட்டப் படத்தாளை மாட்டி வைத்திருக்கிறோம். எஸ்கிமோக்களிடம் பனிக்கு எத்தனையோ சொற்கள் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதை ஊதிப் பெரிதாக்கிய விதத்தை மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் நன்றாகக் கிண்டலடித்திருக்கிறார். அந்தக் கதைக்கு நாம் ஆசைப்பட வேண்டாம். தூறல், சாரல், தூவானம், அடைமழை, கோடைமழை, ஆலங்கட்டி மழை என்று நமக்கும் கணக்கு உண்டு. வாடையும் தென்றலும் திசை சொல்லும் காற்றுகள். புழுக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நான் பல வருடம் அலைந்திருக்கிறேன்.

கைபேசியில் வானிலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு ஒரு பாதி விடை கிடைத்திருக்கிறது. 36 டிகிரி என்று போட்டு, பக்கத்தில் 'ஃபீல்ஸ் லைக் 43' என்று காட்டுகிறதே, அந்த ஏழு டிகிரி வித்தியாசம்தான் நம் புழுக்கம்.

குளிருக்கு வருவோம். 'எனக்குக் குளிருது' என்பதில் நான் எழுவாய் அல்ல, குளிர் என்னிடம் வருகிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்'. நடுவில் ஒரு 'ஹேவ்' நுழைந்துவிட்டால் சளி பிடித்துக்கொள்கிறது. ஈழத்தவருக்குத் தடிமன் பிடிக்கிறது. ஹாட் என்ற ஒரே சொல்லில் வெயில், சூடு, காரம் மூன்றையும் அடைக்க வேண்டியிருக்கிறது. அத்தோடு 'இன்னிக்குக் கிளைமேட் சூப்பரா இருக்கு' என்று நாம் தமிழிலேயே பேசிப் பழகிவிட்டோம். கிளைமேட் என்பது பல ஆண்டுகளின் சராசரி, இன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பது வெதர் என்று யார் சொன்னாலும் அது ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. வேலைக்கான நேர்காணலில் யாரும் அதற்காக ஆளைத் தள்ளிவிடப் போவதில்லை.

பலத்த மழை, பலத்த காற்று என்று வானிலைச் செய்தி வாசிக்கிறது. அதே கையோடு 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிடுவோம். ஆங்கிலத்தில் காற்றுதான் ஸ்ட்ராங், மழை ஹெவி. இதற்கு விளக்கம் கிடையாது, ஜோடியாகப் பழக வேண்டியதுதான். 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று நாயையும் பூனையையும் மழையாகப் பெய்ய வைக்கும் மரபுத்தொடரை மட்டும் நம் இலக்கணப் புத்தகங்கள் தவறாமல் தருகின்றன. ஹெவி ரெயின் தெரியாத பிள்ளைக்கு நாய் பூனை எதற்கு?

உடுப்புப் பக்கம் வந்தால் சிக்கல் இன்னும் சுவை. சேலை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், ஷூ மாட்டுகிறோம், பூ வைக்கிறோம், வாட்ச் கட்டுகிறோம், கண்ணாடி போடுகிறோம். ஆங்கிலம் இத்தனைக்கும் 'வேர்' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. ஜப்பானிய மொழியும் நம்மைப் போலத்தான்: உடம்புக்கு ஒரு வினை, காலுக்கு ஒரு வினை, தலைக்கு ஒரு வினை. ஆனால் ஆங்கிலம் வேறொரு இடத்தில் கோடு போடுகிறது. போடும் செயலுக்குப் 'புட் ஆன்', போட்டிருக்கும் நிலைக்கு 'வேர்'. தமிழில் 'போடுறேன்', 'போட்டிருக்கேன்' என்று இந்தக் கோடு நமக்கும் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினாலே போதும், 'ஐ ஆம் புட்டிங் புளூ ஷர்ட்' என்று மத்தியானம் மூன்று மணிக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

கடன் வாங்கிய சொற்கள்தான் காலை வாரும். நமக்கு ஜாக்கெட் என்றால் சேலைக்குள் போடும் ரவிக்கை. படத்தாளில் ஜாக்கெட் என்று எழுதி ஓர் ஆண் நிற்பதைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். பனியன் குஜராத்தி வணிகர்களின் பெயரிலிருந்து வந்து, திருப்பூரின் அடையாளமாகவே ஆன சொல். ஆங்கிலேயரிடம் சொன்னால் ஆலமரத்தை நினைத்தாலும் நினைப்பார். பேண்ட் என்று நாம் சொல்வதைப் பிரிட்டனில் சொன்னால் உள்ளாடை. எல்லா உடைக்கும் சேர்த்து 'டிரஸ்' என்கிறோம். அதோடு தீபாவளிக்கு நாம் துணி 'எடுக்கிறவர்கள்', வாங்குகிறவர்கள் அல்ல. 'ஐ டுக் டிரஸ் இன் டி நகர்' என்று ஒரு பிள்ளை எழுதியதைப் படித்த வெளிநாட்டுக்காரர், காசு கொடுக்காமல் எடுத்து வந்ததாக நினைத்துக்கொண்டால் நாம் குறை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்தக் கணக்கு வேறு. அங்கே உடுப்பு, சப்பாத்து, களிசான். பின்னிரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுப் போனவை. சட்டை என்றால் பெண் பிள்ளைகளின் கவுனையும் குறிக்கும். ஈழத்தமிழருக்கும் தமிழ்நாட்டவருக்கும் ஒரே 'தமிழ் வழி ஆங்கில' அட்டையை அச்சடித்து விற்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஈழத்தமிழரைச் சொன்னதும் கனடாவைச் சொல்லாமல் முடியாது. இந்தப் பாடம் அலங்காரமாக இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாக நடக்கிற இடம் அது. கனடிய அரசு 1992-இல் தொடங்கிய லிங்க் என்ற இலவச மொழி வகுப்புகளில் புதிதாகக் குடியேறியவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே வானிலையும் உடையும் ஒரே பாடமாக இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பத்து டிகிரி உறைநிலைக்குக் கீழே போய், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் அடித்தால், தோலுக்கு அது கழித்தல் இருபது. காற்றோடு சேர்ந்த இந்தக் குளிரை 'விண்ட் சில்' என்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றால் விரல் மரத்துவிடும்.

ஸ்கார்பரோவில் மகளோடு இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அறுபது தாண்டியவர், தன் வகுப்பைப் பற்றி என்னிடம் சொன்னார். "பேரனை டேகேர்ல இருந்து கூட்டிக்கொண்டு வாறது என்ர வேலை. முதல் கிழமை பிள்ளைக்கு முதல்ல சப்பாத்தைப் போட்டிட்டன், பிறகு அந்தப் பெரிய களிசான் ஏறேல்ல. டீச்சர் வந்து எல்லாத்தையும் கழட்டித் திருப்பி முதல்ல இருந்து போட்டவ." ஸ்நோ பேண்ட், பிறகு பூட்ஸ், பிறகு ஜாக்கெட், தொப்பி, கடைசியில் மிட்டன்ஸ். மிட்டன்ஸை முதலில் போட்டால் ஜிப்பை இழுக்க விரல் இருக்காது. ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், ஆஃப்டர் தட், லாஸ்ட் என்ற வரிசைச் சொற்களை அவர் இப்படித்தான் கற்றாராம், பேரனின் உடம்பின் மேல். கனடாவில் கம்பளித் தொப்பிக்கு டூக் என்று தனிச் சொல். அவர் அதைச் சொல்லும்போது உதட்டைக் குவித்துச் சொன்னார். ஸ்லஷ் என்றால் என்ன என்று கேட்டேன். "ஸ்நோ உருகிச் சேறாய்க் கிடக்குமே, அது. பஸ் போனா எல்லாம் உடுப்பில." பிளாக் ஐஸ் பற்றிக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் சாலையில் படிந்திருக்கும் அந்தக் கண்ணாடிப் பனியில் அவர் ஒருமுறை விழுந்திருக்கிறார். அந்த இரண்டு சொற்களை அவருக்கு யாரும் அட்டை காட்டிச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களிலிருந்து வளர்த்த முறை ஒன்று உண்டு. ஆசிரியர் கட்டளை சொல்வார், கற்பவர் உடம்பால் செய்வார். தொப்பியைப் போடு, கழற்று, குடையை விரி, மடக்கு. பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அந்த அம்மா பேரனிடம் கற்றது இதைத்தான். நம் ஊர் வகுப்பறைக்கும் இது செலவில்லாமல் வரும். செருப்பும் பெல்ட்டும் ஐடி கார்டும் பையும் பிள்ளைகளிடமே இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு உடம்போடு தெரிந்த ஆங்கில உடுப்புச் சொற்கள் எவை என்று பார்த்தால் எல்லாம் சீருடைச் சொற்கள். ஷூ, சாக்ஸ், டை, பெல்ட். மே மாத வெயிலிலும் சிறப்பு வகுப்புக்கு டை கட்டிக்கொண்டு வரும் தனியார் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, வானிலைக்கும் உடைக்கும் இங்கே சம்பந்தமே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டிலேயே புத்தகத்தின் குளிர்ச் சொற்கள் உண்மையாகும் இடம் ஊட்டி. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும். திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்பார்கள். தோடர்கள் பூத்தையல் போட்ட புத்துக்குளியைப் போர்த்தியிருப்பார்கள். ஊட்டிக்குச் சுற்றுலா போக மூட்டை கட்டுவதாக வைத்துக்கொண்டு, எதை எடுப்பாய், ஏன் எடுப்பாய் என்று கேட்டால் 'பிகாஸ்' தானாக வரும். ராமேஸ்வரத்துக்கு என்று மாற்றிக் கேட்டால் மூட்டை பாதியாகும். பட்டியலை ஒப்பிக்க வைப்பதைவிட இது நல்ல பாடம்.

வானிலைக்கு நம் பிள்ளைகளிடம் இன்னும் பெரிய சரக்கு இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் அவர்கள் வானிலை அறிக்கையின் மாணவர்கள். ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட், டிப்ரெஷன், சைக்ளோன் எல்லாம் நாக்கின் நுனியில். வர்தா, கஜா, மிக்ஜாம் என்று புயல்களைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் தாண்டினால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதிகனமழை. ஹெவி, வெரி ஹெவி, எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. அடைமொழியின் படிநிலையைக் கற்பிக்க இதைவிட நல்ல ஏணி எந்த இலக்கணப் புத்தகத்திலும் இல்லை. அதற்குப் பின்னால் தூண்டுதலும் இருக்கிறது. நாளைக்குக் கலெக்டர் லீவு விடுவாரா மாட்டாரா என்பதைவிட ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய கேள்வி இல்லை. செயல்வழிக் கற்றல் நாட்களில் வகுப்பறைச் சுவரில் காலநிலை அட்டவணை தொங்கும், பிள்ளைகளே வந்து குறிப்பார்கள். நல்ல ஏற்பாடு. பல இடங்களில் காலையில் முதல் வேலையாக வெயில் படத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். அதே அட்டவணையில் நேற்று அறிக்கை சொன்னது என்ன, இன்று பெய்தது என்ன என்று இரண்டு பத்தி போட்டிருந்தால் 'வில்', 'டிட்' இரண்டும் தினமும் பழக்கமாகியிருக்கும்.

வானிலைக்கும் உடைக்கும் நம் ஊரில் சம்பந்தமில்லை என்று மேலே எழுதினேன். பல வருடம் அப்படித்தான் நம்பியும் இருந்தேன். ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள், ஓர் அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் அந்த நம்பிக்கை கழன்றது. பாதிப் பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வந்திருந்தார்கள். சீருடை இல்லாமல் வருவதற்கு நம் பள்ளிகளில் அதுதான் பெயர். அரசு 4 இணைச் சீருடை தருகிறது. தைத்து வரும் அளவில் எல்லாம் எல்லாருக்கும் சேருவதில்லை. சேர்ந்தாலும் இரண்டுதான் புழக்கத்தில் இருக்கும். அவை ஈரமாகக் கொடியில் கிடந்தன. எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பியில், ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் துணி தொங்கியது.

தலைமையாசிரியர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு பெண்ணின் முறை வந்தது. வெளி ஆள் நான் நிற்பதைப் பார்த்தோ என்னவோ, அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "வை நோ யூனிஃபார்ம்?"

அவள் வானத்தைக் கை காட்டினாள். பிறகு கையை இறக்கி, முறுக்கிப் பிழிவதுபோல இரண்டு முஷ்டியையும் திருப்பிக் காட்டினாள். "ரெயின் சார். நோ சன். யூனிஃபார்ம் நோ டிரை."

"டிட் நாட் டிரை" என்றார் அவர்.

"டிட் நாட் டிரை சார்" என்றாள். பின்னால் நின்ற பையன், அவனும் கலர் சட்டைதான், தன் முறை வரும் முன்பே அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.